அட்டா ஆற்றங்கரையில் ஒரு நாள்: லெக்கோவிலிருந்து கசானோ வரை சரளைப் பாதை சைக்கிள் பயணம், முழுமையான வழிகாட்டி

மலை ஏறக்கூடாது, லாரிக்குப் பயந்து ஓரம் ஒதுங்கக்கூடாது, நாள் முழுக்க ஆற்றை ஒட்டியே ஓட்ட வேண்டும், அதுவும் தார் ரோட்டில் இல்லாமல் சரளை மண்ணில். இப்படி ஒரு பாதை இத்தாலியில் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அட்டா ஆற்றங்கரையைத்தான். வட இத்தாலியில், லொம்பார்டி மாநிலத்தில், கோமோ ஏரியின் தென்கிழக்கு முனையில் இருக்கும் லெக்கோ நகரத்தில் தொடங்கி, தண்ணீர் ஓடும் திசையிலேயே தெற்கே இறங்கி, கசானோ தட்டா ரயில் நிலையத்தில் முடித்துவிடலாம். சுமார் 50 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனால் காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் முடியும். இரண்டு முனையிலும் ரயில் இருக்கிறது, நடுவிலும் இருக்கிறது.

எளிதான பாதை என்று சொல்கிறேன், ஆனால் ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு. பதெர்னோவுக்கும் திரெட்சோவுக்கும் நடுவே சில கிலோமீட்டர் பாதை செங்குத்தாக இறங்கும், கல் பாவிய சரிவுகள் வரும். அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் மீதியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள்கூட ஓட்டக்கூடிய பாதைதான். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே கீழே எழுதியிருக்கிறேன்.

பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது

இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை, குதிரைக்காகப் போட்டது. இத்தாலியில் இதை 'அல்ட்சாயா' என்பார்கள். அந்தக் காலத்தில் சரக்குப் படகுகள் ஆற்றோடு கீழே வரும்போது தண்ணீரே இழுத்து வந்துவிடும். திரும்ப மேலே போவதற்குக் கரையில் குதிரைகளைக் கட்டி, கயிறு போட்டு இழுப்பார்கள். பாரம் இழுக்கிற குதிரைக்கு மேடு பள்ளம் ஆகாது, தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே மரமோ பாறையோ குறுக்கே இருந்தாலும் ஆகாது, கயிறு சிக்கும். அதனால்தான் பாதை தண்ணீர் மட்டத்தை ஒட்டி, திருப்பங்கள் மெதுவாக, ஆற்றை விட்டு விலகாமல் போகிறது. இன்றைக்கு நாம் ஓட்டும்போது கால் வலிக்காமல் இருப்பதற்கு அந்தக் குதிரைகள்தான் காரணம்.

கணக்காகச் சொன்னால், லெக்கோவில் ஏரி மட்டம் கடலிலிருந்து சுமார் 198 மீட்டர் உயரம், கசானோ ஊர் சுமார் 133 மீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் இறக்கம். அதிலும் இருபத்தேழு மீட்டருக்கு மேல் பதெர்னோவுக்குக் கீழே ஒரே இடத்தில் ஆறு இறங்கிவிடுகிறது. படகு போகாத இடமும் அதுதான், சைக்கிளுக்குச் சிரமமான இடமும் அதுதான். ஆறு எங்கே அமைதியாக இருக்கிறதோ அங்கே பாதையும் அமைதியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையிலும் போகலாம். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் லெக்கோவிலிருந்தே தொடங்குங்கள். சரிவு நமக்குச் சாதகம், வழி கண்டுபிடிப்பதும் சுலபம்: வலது கரையிலேயே இறங்குகிறோம், அதனால் ஆறு எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம். ஆறு இடது பக்கம் இல்லை என்றால் எங்கேயோ தவறாகத் திரும்பிவிட்டீர்கள்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். எனக்குப் பிடித்தது அக்டோபர் முதல் இரண்டு வாரம். காலையில் ஆற்றின் மேல் புகை மாதிரி பனி நிற்கும், பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிடும், மரங்கள் பழுக்கத் தொடங்கியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சமவெளிப் பக்கம் புழுக்கம் தாங்காது, மாலையில் கொசுவும் சேர்ந்துகொள்ளும். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுக்க விடுமுறை, அந்த வாரம் சின்ன ஊர்க் கடைகள் பல மூடியிருக்கும், அதை நம்பிப் போய்ப் பசியோடு நிற்காதீர்கள்.

இன்னொன்று, வார நாளில் போக முடிந்தால் போங்கள். ஞாயிற்றுக்கிழமை இம்பெர்சாகோவிலிருந்து திரெட்சோ வரை குடும்பம் குடும்பமாக, நாயோடும் தள்ளுவண்டியோடும் நடக்க வருவார்கள். அவர்கள் ஊர், அவர்கள் பாதை, நாம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பலத்த மழைக்கு அப்புறம் இரண்டு மூன்று நாள் விட்டுப் போவது நல்லது. பதெர்னோ பக்கம் கரை மேலே செங்குத்தான பாறை. கல் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். இந்தக் கரை முழுக்க 1983இல் உருவான வட அட்டா பூங்காவின் எல்லைக்குள் வருகிறது, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். மூடியிருக்கிறது என்று வேலி போட்டிருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போக வேண்டாம். மேலே ஊர் வழியாகச் சுற்றிப் போக ரோடு இருக்கிறது.

சைக்கிளும் டயரும்

கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கென்றே செய்த சைக்கிள், இருந்தால் சரியான பொருத்தம். இல்லையென்றால் அகலமான டயர் போட்ட எந்த சாதாரண சைக்கிளும் போதும். மெல்லிய டயர் ரேசிங் சைக்கிள் மட்டும் வேண்டாம், கடைசிப் பகுதியில் பிழைத்துக்கொள்ளும், பதெர்னோவில் கையையும் முதுகையும் ஒடித்துவிடும். 38 முதல் 42 மில்லிமீட்டர் டயர் என்றால் நிம்மதி.

காற்று விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாடகைக்கு எடுக்கும் சைக்கிளில் பெரும்பாலும் தார் ரோட்டுக்கு அடிக்கிற அளவுக்குக் காற்று அடித்துக் கல் மாதிரி வைத்திருப்பார்கள். நான் முதல் தடவை அப்படியே ஓட்டிப் போய், பத்தாவது கிலோமீட்டரில் உள்ளங்கை மரத்துப்போய்த்தான் ஓரமாக நிறுத்தினேன். வால்வை அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, கட்டைவிரலால் டயரை அழுத்தினால் லேசாக உள்ளே போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். வேறு சைக்கிளில் ஏறியது போல் இருந்தது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும், பின் டயரில் இரண்டு மூன்று கூடுதல். டியூப் உள்ள டயரில் ரொம்பவும் குறைத்துவிட்டால் கல்லில் இடித்து டியூப் கிழியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மாற்று டியூப், சின்ன பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், மணி, முன் பின் விளக்கு. மணி கட்டாயம் வேண்டும், இந்தப் பாதையில் பிரேக்குக்கு அடுத்து அதிகம் பயன்படுவது அதுதான். லெக்கோவிலும் திரெட்சோவிலும் தவிர வழியில் சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

லெக்கோவுக்குப் போய்ச் சேர்வது

மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து சோந்திரியோ, தீரானோ பக்கம் போகிற வட்டார ரயிலில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடத்தில் லெக்கோ. மிலான் போர்த்தா கரிபால்தி நிலையத்திலிருந்து கிளம்பும் எஸ்8 புறநகர் ரயிலும் லெக்கோ போகும், அது வழியில் எல்லா ஊரிலும் நிற்கும், நேரம் கூடும், ஆனால் கூட்டம் குறைவு. சைக்கிளுக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். சைக்கிள் படம் ஒட்டியிருக்கிற பெட்டியில்தான் ஏற்ற வேண்டும், அது பெரும்பாலும் முனைப் பெட்டியாக இருக்கும், ரயில் வந்தவுடன் ஓட வேண்டியிருக்கும். வெயில் காலத்துச் சனி, ஞாயிறு காலைகளில் ஏரிக்குப் போகிற கூட்டம் முழுக்க தீரானோ ரயிலில்தான் ஏறும், அந்த நாட்களில் எஸ்8 ரயிலே மேல்.

லெக்கோவில் இறங்கியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் ஏரிக்கரைக்குப் போய் நின்று திரும்பிப் பாருங்கள், ஊருக்குப் பின்னால் ரெசெகோனே மலை, 1,875 மீட்டர், உச்சி முழுக்க ரம்பப் பல் மாதிரி. பெயரே ரம்பம் என்பதிலிருந்து வந்ததுதான். முதல் இருபது கிலோமீட்டரும் இந்த மலை முதுகுக்குப் பின்னால் நம்மைப் பார்த்துக்கொண்டே வரும். ஒரு காப்பி குடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

லெக்கோ முதல் ஓல்ஜினாத்தே: சுமார் 9 கிலோமீட்டர்

ஏரி முடிந்து ஆறு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது, மிலானை ஆண்ட அட்சோனே விஸ்கோந்தி 1336 முதல் 1338 வரை கட்டியது. அதன் வழியாக வலது கரைக்கு மாறி, இடது பக்கம் திரும்பி பெஸ்காத்தே ஊர்ப் பக்கம் போங்கள். உடனே சைக்கிள் பாதை தொடங்கிவிடும். ஆறு இங்கே மறுபடியும் விரிந்து கர்லாத்தே ஏரி ஆகிறது. புல்வெளி, மீன் பிடிக்கிறவர்கள், அன்னங்கள். பாதை பெரும்பாலும் கெட்டித் தரை, உடம்பு சூடேற நல்ல இடம், முதல் அரை மணி நேரம் சும்மா மிதித்தாலே போதும்.

கர்லாத்தே ஊரில் 1953இல் தொடங்கிய பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய பட்டு ஆலைக் கட்டடத்திலேயே. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கப் பட்டு நூல் தொழில்தான். திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் ஒரே நாள் பயணத்தில் அதைச் சேர்ப்பது கஷ்டம். நெசவில் ஆர்வம் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள்.

ஓல்ஜினாத்தே முதல் பிரிவியோ: சுமார் 10 கிலோமீட்டர்

இங்கேதான் உண்மையான சரளைப் பாதை தொடங்குகிறது. சன்னமான, வெளிறிய சரளை, டயருக்கு அடியில் நொறுங்குகிற சத்தம். இடது பக்கம் ஆறு பச்சையாக, அவசரமில்லாமல் போகும். வலது பக்கம் வயல், பாப்லர் மரங்கள், நடுவே நாணல். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். சைக்கிள் நகர்ந்துகொண்டே இருந்தால் பறக்காது, நின்றால் உடனே பறந்துவிடும். படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் எழுத அதிகம் இல்லை. ஓட்டத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலேயே மனம் லேசாகிற பத்து கிலோமீட்டர் இதுதான், வழி தேட வேண்டாம், ஒன்றையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகம் தானாகவே வரும். அதற்கு மேல் மிதிக்காதீர்கள்.

பிரிவியோவில் ஆற்றோரம் பழைய கோட்டை. சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. இங்கிருந்து திரெட்சோ வரை சாப்பாட்டுக்கு இடம் குறைவு. இத்தாலியில் சமையலறை மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள், மூன்று மணிக்குப் போய்க் கேட்டால் ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துத்தான் தருவார்கள். அதனால் இரண்டே வழி: பதினொன்றரைக்கு பிரிவியோ வந்து, பேக்கரியில் ஃபொக்காச்சா ரொட்டியும், லெக்கோவுக்கு மேலே வால்சாசினா பள்ளத்தாக்கில் செய்கிற தலெஜ்ஜோ சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது. அல்லது இங்கேயே பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமம் இல்லை, மக்காச்சோள மாவில் கிண்டிய பொலெந்தாவும் சீஸும் இந்த வட்டாரத்துச் சாப்பாடுதான்.

தண்ணீருக்கு, ஊருக்குள் இருக்கும் பொதுக் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

இம்பெர்சாகோ: எஞ்சின் இல்லாத படகு

பிரிவியோவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போனால் இம்பெர்சாகோ படகுத்துறை. இங்கே இறங்கி நில்லுங்கள். இரண்டு கரைக்கும் நடுவே ஒரு எஃகு வடம் கட்டியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படகு எதிர்க்கரை வில்லா தட்டா ஊருக்குப் போய் வரும். எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது, பாய் கிடையாது.

எப்படிப் போகிறது? இரண்டு படகு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஒரே தளம் போட்டிருக்கிறார்கள். படகோட்டி அதை ஆற்றின் ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார். ஓடிவரும் தண்ணீர் படகின் பக்கவாட்டில் மோதிக் கீழே தள்ளப் பார்க்கிறது, வடம் கீழே போக விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகுக்குப் போவதற்கு ஒரே திசைதான் மிச்சம், பக்கவாட்டில், எதிர்க்கரைக்கு. திரும்பி வர வேண்டுமென்றால் சாய்வை மாற்றினால் போதும். சத்தமே இருக்காது, வடத்தில் உருளை உருளும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்.

இதை லியொனார்தோவின் படகு என்று அழைக்கிறார்கள். லியொனார்தோ டா வின்சி 1513 வாக்கில் இதே மாதிரி ஒரு படகை வரைந்திருக்கிறார், ஆனால் அது இன்னும் கீழே வாப்ரியோவில் ஓடியது, அந்த ஓவியம் இப்போது இங்கிலாந்தில் வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ரொம்பக் குறைந்தாலும் ரொம்பப் பெருகினாலும் படகு ஓடாது, அதன் காரணத்தை மேலே படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பாதைக்கு அக்கரை போகத் தேவை இல்லை. ஓடுகிறது என்றால் ஒரு தடவை ஏறிப் போய்விட்டு வாருங்கள், அவ்வளவுதான்.

பதெர்னோ: கவனமாகப் போக வேண்டிய இடம்

இம்பெர்சாகோவைத் தாண்டியதும் கரைகள் உயரத் தொடங்கும். சமவெளி இருந்த இடத்தில் பள்ளத்தாக்கு. ஒரு திருப்பத்தில் தலைக்கு மேலே இரும்புப் பாலம் தெரியும், ஆற்றிலிருந்து 85 மீட்டர் உயரத்தில். சான் மிக்கேலே பாலம். 1887இல் தொடங்கி 1889இல் முடித்தார்கள், சுவிட்சர்லாந்துக்காரரான பொறியாளர் ஜூல்ஸ் ரோத்லிஸ்பெர்கர் வடிவமைத்தது. நீளம் 266 மீட்டர், கீழே ஒரே வளைவு 150 மீட்டர் அகலத்துக்கு. மேல்தளத்தில் ரோடு, கீழ்த்தளத்தில் ரயில். பற்றவைப்பு எங்கும் இல்லை, எல்லாம் தறையாணி அடித்துச் சேர்த்தது. 2018 செப்டம்பரில் பாதுகாப்புக்காக மூடினார்கள், முதலில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும், அப்புறம் கார்களுக்கும், கடைசியாக 2020இல் ரயிலுக்கும் திறந்துவிட்டார்கள். கீழே நின்றுகொண்டிருக்கும்போது மேலே ரயில் போனால் சத்தம் கேட்டு அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

களைப்பாக இருந்தாலோ வானம் இருட்டிக்கொண்டு வந்தாலோ இங்கேயே முடித்துக்கொள்ளலாம். கரையிலிருந்து மேலே ஏறினால் பதெர்னோ-ரொபியாத்தே ரயில் நிலையம் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றம் செங்குத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

தொடர்ந்து போகிறீர்களா? சரி. இனி வருவதுதான் நான் முதலிலேயே சொன்ன இடம். ஆறு இங்கே பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு விழும், படகு போக வழியே இல்லை. மிலானுக்கும் கோமோ ஏரிக்கும் நடுவே தண்ணீர் வழியே போக்குவரத்து வேண்டும் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேல் தலைவலியாக இருந்த இடம் இது. லியொனார்தோ இதை ஆராய்ந்தார். 1590-களில் ஜுசெப்பே மெதா என்ற பொறியாளர் பக்கத்தில் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார், முடிக்க முடியாமல் கடன், சிறை என்று சிக்கி 1599இல் இறந்துபோனார். கடைசியில் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா காலத்தில், 1777இல்தான் பதெர்னோ கால்வாய் திறந்தது. இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆறு மதகுத் தொட்டிகள். படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறக்கி, படிப்படியாகக் கீழே கொண்டுபோவார்கள். இன்று தொட்டிகள் வெறும் கல் பள்ளங்கள், புதர் மண்டி, சில இடங்களில் பாசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றின் ஓரமாகத்தான் நம் பாதை போகிறது.

ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் பாதையும் அதே அளவு சட்டென்று இறங்குகிறது. சரிவுகள் குட்டையானவை, ஆனால் கல் பாவியவை, வழுவழுப்பானவை, மர நிழலில் நாள் முழுக்க ஈரம் காயாது. நான் ஒரு அக்டோபர் காலையில் இங்கே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, முன் சக்கரம் வழுக்கி, முழங்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் செய்வது இது: சரிவுக்கு முன்னாலேயே வேகத்தை நடை வேகத்துக்குக் குறைத்துவிட வேண்டும், சரிவில் வைத்துக் குறைக்கக்கூடாது. இருக்கையிலிருந்து எழுந்து, இரண்டு மிதியையும் சம உயரத்தில் வைத்து, உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். முழங்கை மடங்கியிருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் லேசாக, விட்டு விட்டு. கல் ஈரமாகப் பளபளத்தாலோ, காய்ந்த இலை மூடியிருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மொத்தமாகத் தள்ளினாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூடும். 'பிச்சி ஆ மானோ' என்று பலகை இருந்தால் சைக்கிளைக் கையில் பிடித்து நடக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

நடுவழியில் பாறை முனை ஒன்றில், படிக்கட்டு ஏறிப் போனால், ரொக்கெத்தா மாதா தேவாலயம். கீழே பாதையோரம் பழைய ஸ்தல்லாட்சோ, படகு இழுத்த குதிரைகள் ஓய்வெடுத்த லாயம். இப்போது திறந்திருக்கும் நாட்களில் குடிக்கவும் கொறிக்கவும் ஏதாவது கிடைக்கும். எப்போதும் திறந்திருக்காது, அதை மட்டும் நம்பாதீர்கள். லியொனார்தோ ஓவியங்களின் பின்னணியில் வரும் பாறைகள் இந்தப் பள்ளத்தாக்குப் பாறைகள்தான் என்று இங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து எதிரே பார்த்தால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. இங்கே எங்கேயும் ஆற்றில் இறங்காதீர்கள், காலை நனைக்கக்கூட. மேலே அணைகள் இருக்கின்றன, மின்நிலையங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டால் மழை இல்லாத நாளிலும் மட்டம் திடீரென்று ஏறும். 'பெரிகொலோ', அதாவது ஆபத்து, என்று வைத்திருக்கும் பலகைகள் அலங்காரத்துக்கு இல்லை. அவசரம் என்றால் 112.

மின்நிலையங்களும் திரெட்சோவும்: பாலத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர்

சரிவுகள் முடிகிற இடத்தில் பெர்த்தீனி மின்நிலையம். 1898இல் தொடங்கியது, எடிசன் நிறுவனம் கட்டியது, இங்கிருந்து போன மின்சாரத்தில்தான் மிலான் டிராம்கள் ஓடின. படகுக்கு எதிரியாக இருந்த அதே நீர்வீழ்ச்சி மின்சாரத்துக்கு வரமாகிவிட்டது. இன்னும் கீழே எஸ்தெர்லே நிலையம், 1914. இதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் யாரும் மின்நிலையம் என்று சொல்லமாட்டார்கள், அரண்மனை என்றுதான் நினைப்பார்கள், அவ்வளவு வளைவும் செங்கல் வேலைப்பாடும். உள்ளே இன்றும் விசையாழிகள் சுற்றுகின்றன.

இங்கிருந்து திரெட்சோ வரை மறுபடியும் சமமான பாதை. கைகளைத் தளர்த்திக்கொள்ளலாம். காட்டு நிழல், கால் வலியெல்லாம் இங்கே போய்விடும். திரெட்சோவை நெருங்கும்போது ஆறு ஒரு முனையைச் சுற்றி வளைகிறது. முனையின் மேலே கோட்டை, அடியில் தக்கானி மின்நிலையம், 1906, கட்டடக்கலைஞர் கயெத்தானோ மொரெத்தி வடிவமைத்தது. கோட்டைக்கும் மின்நிலையத்துக்கும் ஒரே வட்டாரக் கல், அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்று முளைத்த மாதிரி இருக்கும்.

கோட்டைக்காரரான பெர்னபோ விஸ்கோந்தி 1370-களில் இங்கே ஆற்றின் மேல் ஒரே வளைவில் 72 மீட்டர் கல் பாலம் கட்டினார். 1416இல் போரில் இடித்துவிட்டார்கள். அவ்வளவு அகலமான கல் வளைவை அப்புறம் ஐந்நூறு வருடம் உலகத்தில் யாரும் கட்டவில்லை. அடித்தளத்தின் மிச்சம் இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெர்னபோ 1385இல் இதே கோட்டையில் கைதியாக இறந்தார்.

நேரமும் காலும் மிச்சமிருந்தால் திரெட்சோவில் பாலம் தாண்டி காப்ரியாத்தே வழியாக கிரெஸ்பி தட்டாவுக்குப் போய் வரலாம், போக சுமார் 3 கிலோமீட்டர். 1878இல் கிறிஸ்தோஃபொரோ பெனிஞ்ஞோ கிரெஸ்பி கட்டத் தொடங்கிய பஞ்சாலையும், அதன் தொழிலாளர்களுக்கான முழு ஊரும். வீடு, பள்ளி, தேவாலயம், குளியல் இடம், கல்லறை எல்லாம் ஆலை முதலாளி கட்டியது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, ஆலை 2003இல் மூடியது. வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலிக்கு மேலே எட்டிப் படம் எடுக்காதீர்கள். நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டால் இதை விட்டுவிடுங்கள், ஓட்டமாகப் பார்க்கிற இடம் இல்லை.

மார்த்தெசானா கால்வாய் வழியாக கசானோ: சுமார் 11 கிலோமீட்டர்

திரெட்சோவைத் தாண்டியதும் கொஞ்சேசா என்ற இடத்தில் ஆற்றிலிருந்து மார்த்தெசானா கால்வாய் பிரிகிறது. 15ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சா ஆட்சியில் வெட்டியது, 38 கிலோமீட்டர் ஓடி மிலானுக்குப் போய்ச் சேர்கிறது. இனி நம் பாதை இரண்டுக்கும் நடுவில். வலது பக்கம் கால்வாய், இடது பக்கம் கீழே ஆறு. ஒரே திசையில் ஓடும் இரண்டு தண்ணீர், ஒன்று கை கட்டிய பிள்ளை மாதிரி நேராக, இன்னொன்று தன் இஷ்டத்துக்கு வளைந்து. கவனித்துப் பார்த்தால் கால்வாய் மட்டம் ஆற்றைவிட மேலே மேலே போய்க்கொண்டிருப்பது தெரியும். கால்வாய் ஏறவில்லை, ஆறு வேகமாக இறங்குகிறது.

வாப்ரியோவில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேட்டில் தெரிவது மெல்ட்சி மாளிகை, லியொனார்தோ தன் மாணவர் பிரான்செஸ்கோ மெல்ட்சியின் வீட்டில் தங்கிய இடம். அந்தப் படகு ஓவியம் வரைந்ததும் இந்தப் பக்கம்தான். பாதை இங்கே அகலம் குறைவு, மாலை நேரத்தில் நடப்பவர்கள் அதிகம், கால்வாய்ப் பக்கம் தடுப்பு இல்லாத இடங்களும் உண்டு. தூரத்திலேயே மணி அடித்து, 'பெர்மெஸ்ஸோ' என்று சொல்லிக் கடந்து போங்கள். கடந்த பிறகு 'கிராட்சியே' சொன்னால் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள்.

கசானோவில் கால்வாய் ஆற்றை விட்டு மேற்கே திரும்புகிறது. இங்கே ஊருக்குள் ஏறினால் கசானோ தட்டா நிலையம், எஸ்5, எஸ்6 புறநகர் ரயில்கள் இரண்டும் மிலானுக்குப் போகும். இன்னும் தெம்பு இருக்கிறது என்றால் ரயில் ஏறாமல் கால்வாயோடு திரும்புங்கள், இன்னும் முப்பது கிலோமீட்டர், பெரும்பாலும் தார் போட்ட சைக்கிள் பாதை, மிலான் நகருக்குள்ளேயே கொண்டுபோய் விடும். வழியில் எங்கே களைத்தாலும் ஜெஸ்ஸாத்தேவிலிருந்து மிலானுக்குப் பச்சை நிற மெட்ரோ இருக்கிறது, ஆனால் கூட்ட நேரத்தில் சைக்கிளை ஏற்றவிடமாட்டார்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறுவதற்கு முன் ஒரு வேலை: நிலைய வாசலில் டயரிலும் செயினிலும் ஒட்டியிருக்கிற வெள்ளைச் சரளைத் தூசியைத் துணியால் துடைத்துவிடுங்கள், பெட்டியில் பக்கத்தில் நிற்பவர்களின் உடையில் அது ஒட்டினால் லேசில் போகாது.